கோணிச் சாக்கில் வந்த வேதாகமம்

1886ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்ற நகரில் ஒரு பருத்திக் கண்காட்சி நடந்தது. பருத்தியை விளைவித்து, பருத்தியாலேயே பிழைத்த சீமை அது. கண்காட்சியின் ஒரு மூலையில் ஒரு போர்வையும் தொங்கியது. அடித்துணிக்கும் மேல்துணிக்கும் நடுவே பஞ்சைப் பரப்பி, மூன்றும் சேர்ந்து நிற்கும்படி ஓட்டுத் தையல் போட்டுச் செய்கிற போர்வை. கில்ட் என்பார்கள். குளிர்காலத்துக்காக வீட்டுக்கு வீடு வைத்திருந்த பொருள்தான். மிஞ்சிய துணிகளைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி இணைப்பது அதில் வழக்கம்.

இந்தப் போர்வை அந்த வழக்கத்தில் அடங்கவில்லை. இதில் ஆதாமும் ஏவாளும் நின்றார்கள். யானையும் ஒட்டகமும் தீக்கோழியும் இருந்தன. யாக்கோபின் கனவில் வந்த தேவதூதன் இருந்தான், சிலுவை இருந்தது. எல்லாமே துணியில் வெட்டிய உருவங்கள், துணிமேல் துணியாக வைத்துத் தைத்தவை. மூன்று வரிசைகளில் 11 கட்டங்கள். ஒரு கட்டம் அகலம், அடுத்தது குறுகல். அளவெடுத்து அடுக்கியதாகத் தெரியாது. எந்தக் கதைக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் விட்டுத் தைத்தது போலிருக்கும்.

தைத்தவர் பெயர் ஹாரியட் பவர்ஸ். 1837இல் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபோது அவருக்கு வயது 27. அதற்குள் திருமணமாகி, குழந்தைகளும் பிறந்திருந்தன. விடுதலைக்குப் பிறகு கணவர் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸுடன் சேர்ந்து உழைத்து, ஏதென்ஸுக்கு அருகே நான்கு ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார். யாருக்கோ சொத்தாக இருந்த ஒருவர் தாமே சொத்து வாங்கினார் என்பதை இங்கே கொஞ்சம் நின்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அந்த நிலத்தில் வாழ்ந்த காலத்தில்தான் அவர் இந்தப் போர்வையைத் தைத்தார். கைத்தையலும் இருக்கிறது, தையல் எந்திரம் ஓடிய தடமும் இருக்கிறது.

கண்காட்சியில் அதைப் பார்த்து நின்றவர்களில் ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்காரப் பெண்ணும் ஒருவர். ஓவியர். ஏதென்ஸில் வசதியான வீட்டுப் பெண்கள் படித்த லூசி காப் கல்விக்கூடத்தில் ஓவியம் கற்பித்தவர். படம் வரையச் சொல்லித்தருகிற அவர், இப்படி ஒன்றைத் தாம் பார்த்ததே இல்லை என்று உணர்ந்தார். உடைமைக்காரரைத் தேடிப் பிடித்து விலை கேட்டார். எந்த விலைக்கும் தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டார் ஹாரியட்.

அதற்குப் பிந்தைய ஆண்டுகள் பருத்தி விவசாயிகளுக்குக் கெட்ட காலம். சில ஆண்டுகள் கழித்து ஹாரியட்டிடமிருந்தே தகவல் வந்தது, போர்வையை விற்கத் தயார் என்று. அப்போது ஜென்னியின் கையில் பணம் இல்லை. அடுத்த ஆண்டு அவர் ஆளனுப்பினார். ஹாரியட் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். மடியில் போர்வை. சுத்தமான மாவுப் பை ஒன்றில் அதைச் சுற்றி, அதற்கு மேல் கோணிச் சாக்கும் சுற்றியிருந்தார். விலை பத்து டாலர் என்றார். என்னிடம் ஐந்துதான் இருக்கிறது என்றார் ஜென்னி. ஹாரியட் வெளியே போய்க் கணவரிடம் கலந்து பேசிவிட்டு உள்ளே வந்தார். காலம் மோசமாக இருக்கிறது, வாங்கிக்கொள்வதே நல்லது என்று வீட்டுக்காரர் சொல்கிறார் என்றார். ஐந்து டாலருக்குப் போர்வை கை மாறியது.

பொருளின் கதை மட்டும் என்றால் இதோடு ஒரு பத்தி முடிந்துவிடும். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு ஹாரியட் உடனே கிளம்பிவிடவில்லை. உட்கார்ந்து, 11 கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி, இது இன்ன கதை, இவர் இன்னார் என்று பக்தியோடும் அக்கறையோடும் சொன்னார். ஜென்னி அதைக் குறித்து வைத்தார். விற்றதற்குப் பிறகும் ஹாரியட் பலமுறை அந்த வீட்டுக்கு வந்திருக்கிறார், போர்வையைப் பார்ப்பதற்காகவே. கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு வரும் தாயைப் போல வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வருத்தத்தைக் கொஞ்சமாவது தணித்தது எது என்பதையும் ஜென்னி எழுதி வைத்திருக்கிறார்: என்னிடம் சேரும் துண்டுத்துணிகளையெல்லாம் உனக்காக எடுத்து வைக்கிறேன் என்று தாம் கொடுத்த வாக்கு.

ஜென்னி ஸ்மித்தை எப்படி மதிப்பிடுவது? பாதி விலை கொடுத்தவர். முடையில் இருந்த ஒரு பெண்ணிடம் பேரம் பேசியவர். குறிப்பிலும் ஹாரியட்டின் பேச்சைக் கொச்சைப்படுத்தி எழுதும் அந்தக் காலத்து வெள்ளையர் வழக்கம் தெரிகிறது. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைய அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் ஆயிரமாயிரம். போர்த்திக் கிழிந்தவை, எரிந்தவை, பெயரில்லாமல் அருங்காட்சியகம் சேர்ந்தவை. தைத்தவரின் வாய்மொழி கூடவே வந்தவை மிகச் சில. அந்தச் சிலவற்றில் இது சேர்ந்ததற்குக் காரணம் ஜென்னி பேனாவை எடுத்ததுதான். இரண்டும் அவர் செய்தவைதான். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்க முடியாது.

அந்தக் குறிப்பு மட்டும் இல்லாவிட்டால் நமக்கு என்ன தெரிந்திருக்கும் என்று பாருங்கள். காயீன் பெண் தேடி நோத் தேசத்துக்குப் போகும் கட்டத்தில் கரடி, சிறுத்தை, கடமான் எல்லாம் நிற்கின்றன. நடுவில் ஆரஞ்சு நிறச் சீட்டித் துணியில் ஒரு சிங்கம். கீழுதட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பல் துருத்திக்கொண்டிருக்கிறது, ஆனால் பார்வை மகா சாது. கடைசி இராப்போஜனக் கட்டத்தில் சீடர்களுக்குப் புள்ளிபோட்ட வெள்ளைத் துணி. யூதாசுக்கு மட்டும் மங்கல் நிறம், குணத்திலும் அவன் நிறம் மங்கியவன் என்பதால். இன்று சாயம் வெளிறிப்போன துணியில் இந்த வேறுபாடு கண்ணுக்கு உடனே எட்டாது. சொன்னதால்தான் தெரிகிறது. முப்பது வெள்ளிக்காசுக் கட்டத்தில் யூதாசின் காலடியில் ஒரு பெரிய வட்டம் இருக்கிறது. அதைக் காசு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது 1886இல், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் முதல்முறையாகத் தோன்றிய நட்சத்திரம் என்று ஹாரியட் சொல்லியிருக்கிறார். தம் காலத்து வானத்தை அவர் வேதக் கதைக்குள் கொண்டுவந்து தைத்துவிட்டார்.

ஏதேன் தோட்டத்துக் கட்டத்தைப் பற்றி ஜென்னி எழுதும்போது சற்றுச் சிரிக்கிறார். காட்டியிருக்கிற மிருகங்களிலேயே பாதம் வைத்துத் தைத்திருப்பது பாதமே இல்லாத ஒன்றுக்குத்தான், அதாவது பாம்புக்குத்தான் என்கிறார். ஆதியாகமத்தைத் திறந்து பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். வயிற்றினால் நகர்வாய் என்ற சாபம் ஏவாள் கனியைத் தின்ற பிறகுதான் பாம்புக்கு வருகிறது. அதற்கு முன் அது எப்படி நடந்திருக்கும்? ஹாரியட் தைத்தது சாபத்துக்கு முந்தைய பாம்பு. ஓவிய ஆசிரியர் தவறு என்று நினைத்த இடத்தில் தையற்காரர் வேதத்தை வரி வரியாக யோசித்திருக்கிறார் என்பதே என் வாசிப்பு.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஹாரியட் எழுதப் படிக்கத் தெரியாதவர், பிரசங்கத்தில் காதால் கேட்ட கதைகளைத்தான் துணியில் தைத்தார் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். கைரா ஹிக்ஸ் என்பவர், தாமும் கில்ட் தைப்பவர், பழைய ஆவணங்களைத் தேடி அலைந்தார். அயோவா மாநிலத்தின் கியோகக் நகரத்துப் பெண் ஒருவருக்கு ஹாரியட் 1896இல் எழுதிய கடிதத்தின் பிரதி அவருக்குக் கிடைத்தது. அதை 2009இல் தம் நூலில் வெளியிட்டார். பதினோரு வயதில், வெள்ளைக்காரப் பிள்ளைகளின் உதவியோடு தாம் வாசிக்கக் கற்றுக்கொண்டதாக ஹாரியட் அதில் சொல்கிறார். அடிமைக்கு எழுத்தறிவிப்பது ஜார்ஜியாவில் சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. வேதத்தைத் தாமே படித்து ஆராய்ந்ததையும் சொல்கிறார். தாம் தைத்த வேறு கில்ட்களையும் குறிப்பிடுகிறார். கடைசி இராப்போஜனத்துக்கென்றே தனியாக ஒன்று தைத்திருக்கிறார். அது இன்றுவரை கண்ணில் படவில்லை. எங்காவது ஒரு வீட்டின் பரணில் இருக்கிறதோ, மட்கிப் போய்விட்டதோ.

வெறும் ஒரு கடிதத்தின் பிரதிதான். ஆனால் அதற்கு முன் ஹாரியட்டைப் பற்றி நூல்களில் இருந்த பல வரிகள் அதனால் செல்லாமல் போயின. அவருக்காக மற்றவர்கள் பேசிவந்த இடத்தில் அவரே வந்து பேசிவிட்டார்.

இரண்டாவது போர்வைக்கு வருகிறேன். 1895இல் அட்லாண்டாவில் பருத்தி மாநிலங்களின் பெரும் கண்காட்சி நடந்தது. முதல் போர்வையை அங்கே வைக்க ஜென்னி ஏற்பாடு செய்தார். கறுப்பின மாணவர்கள் படித்த அட்லாண்டா பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவிமார் ஹாரியட்டின் இந்த இரண்டாவது கில்ட்டை வாங்கி, 1898இல் சார்லஸ் கத்பர்ட் ஹால் என்ற பாதிரியாருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரித் தலைவர் அவர். 1902-03இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து கிறிஸ்தவத்தைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றியவரும் அவரே. நம் பக்கத்து மேடைகளில் வேதத்தை விளக்கிவிட்டு ஊர் திரும்பிய மனிதரின் குடும்பத்திடம், அதே வேதத்தைத் துணியில் விளக்கிய ஹாரியட்டின் கில்ட் இருந்தது.

இதில் 15 கட்டங்கள், வரிசைக்கு ஐந்து. இதற்கும் கட்டம் கட்டமாக விளக்கம் தப்பிப் பிழைத்திருக்கிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். முதலாவதில் பெரும்பாலும் வேதக் கதைகள். இதிலோ யோபுவும் மோசேயும் யோனாவும் இருக்கும் அதே வரிசைகளில் அமெரிக்க வானமும் அமெரிக்க வானிலையும் வந்துவிடுகின்றன. 1780 மே 19, பட்டப்பகலில் இருள் கவிந்த நாள். காட்டுத்தீயின் புகை வானை மறைத்தது என்பது இன்றைய விளக்கம். ஹாரியட்டின் கட்டத்தில் நடுப்பகலில் ஏழு நட்சத்திரங்கள் தெரிகின்றன, மாடுகள் தொழுவம் சேர்கின்றன, கோழிகள் அடைகின்றன. 1833 நவம்பர் 13, எரிகற்கள் மழையாகப் பொழிந்த இரவு. உலகம் முடிந்தது என்று மக்கள் நடுங்க, கடவுளின் கை நட்சத்திரங்களைத் தடுத்து நிறுத்துகிறது. இரண்டும் அவர் பிறப்பதற்கு முன் நடந்தவை. 1780 என்றால் நூறு ஆண்டுகளுக்கும் மேல். வாய்வழியாக இறங்கி வந்த நினைவைத் தேதியோடு பிடித்து வைத்திருக்கிறார்.

1895 பிப்ரவரி 10, உறைகுளிர் நாள். இது அவரே அனுபவித்த குளிர். ஜெபம் செய்தபடியே உறைந்துபோன ஒரு பெண், வாசற்கதவருகே உறைந்த இன்னொருத்தி, மாவு மூட்டையோடு உறைந்த மனிதன், சாராய ஜாடியருகே உறைந்த மற்றொருவன், கோவேறு கழுதையின் மூச்சு பனிக்கட்டியாகத் தொங்குகிறது, நீலக்குருவிகள் எல்லாம் செத்து விழுகின்றன. ஒரு செய்தியாளன் இதைவிட நன்றாக எழுதிவிட முடியுமா?

அப்புறம் பெட்ஸ். பெட்ஸ் ஒரு பன்றி. கடவுளைப் பற்றி எதுவுமே சொல்லித்தரப்படாமல் வளர்ந்த இரண்டு பணக்காரர்கள் நித்திய தண்டனைக்குப் போகிற கட்டத்தின் கீழே அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிய சுதந்திரப் பன்றி என்கிறது விளக்கம். தண்டனைக் காட்சியில் இந்தப் பன்றிக்கு என்ன வேலை? ஜார்ஜியாவிலிருந்து வடக்கு நோக்கி 500 மைல் ஓடுவது என்றால் என்ன பொருள் என்பது அடிமையாய்ப் பிறந்த ஒருவருக்குத் தெரியாமல் இருக்காது. தப்பி ஓடிய அடிமைகளின் நினைவு அதில் இருப்பதாக ஆய்வாளர்கள் சிலர் வாசித்திருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பெரிய உருவமாகத் தைத்து, பெயரும் சொல்லிவைத்த ஒரு பன்றி சும்மா ஓடுவதாக நம்ப மனம் வரவில்லை.

துணியை வெட்டி உருவமாக வைத்துத் தைக்கும் இந்த முறை மேற்கு ஆப்பிரிக்காவிலும் உண்டு. இன்றைய பெனின் நாட்டில் இருக்கும் அபோமியின் அரசவையில் அரசர்களின் சின்னங்களான விலங்குகளை இப்படித்தான் துணியில் தைத்தார்கள். ஹாரியட்டின் உருவங்களை அவற்றோடு ஒப்பிட்டு எழுதியவர்கள் உண்டு. சாயல் இருப்பது கண்கூடு. அவர் யாரிடம் கற்றார் என்பதற்குச் சான்று கிடைக்காதவரை அதைச் சாயல் என்ற அளவில் வைத்துக்கொள்வதே நேர்மை.

ஹாரியட்டின் பிற்காலம் சுருக்கமாகவே பதிவாகியிருக்கிறது. 1890களில் நிலம் துண்டு துண்டாகக் கைவிட்டுப் போனது. கணவரும் பிரிந்துபோனார். தைத்துக்கொண்டே இருந்தார். 1910 ஜனவரி 1 அன்று இறந்தார். அவர் புகைப்படம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதில் அவர் கட்டியிருக்கும் ஏப்ரனிலும் நட்சத்திரமும் சூரியனும் போன்ற உருவங்கள் வைத்துத் தைக்கப்பட்டிருக்கின்றன.

போர்வைகள் அவரைவிட நெடுங்காலம் பயணம் செய்தன. முதலாவது, 1946இல் ஜென்னி இறக்கும்வரை அவரிடமே இருந்தது. அவருடைய உயிலை நிறைவேற்றிய ஹெக்மன் என்ற நண்பரிடம் போய், அவர் தந்த கொடையாக 1960களின் இறுதியில் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தை அடைந்தது. இரண்டாவதை ஹாலின் மகனிடமிருந்து மாக்சிம் கரோலிக் என்ற சேகரிப்பாளர் வாங்கினார். அவருடைய உயில்படி 1964இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதுவரை இரு குடும்பங்களின் உடைமையாக இருந்தவை பொதுச் சொத்தாயின.

1990களின் தொடக்கத்தில் ஒரு கசப்பான திருப்பம். ஸ்மித்சோனியன் தன்னிடமுள்ள சில பழைய கில்ட்களை நகலெடுத்து விற்க ஒரு நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது. ஹாரியட்டின் வேதாகமக் கில்ட்டும் அதில் ஒன்று. நகல்கள் சீனாவில் தைக்கப்பட்டு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. நாடெங்கும் கில்ட் தைக்கிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். மலிவு நகல் எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது, எங்கள் முன்னோரின் வேலையைப் பொருளற்றதாக்குகிறது என்று போராடினார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. சீனத்துத் தையற்காரிகள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களும் கைவலிக்கத் தைத்தவர்கள்தான். ஆனால் அந்த நகலில் பாம்புக்குப் பாதம் இருந்தது, ஏன் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. ஹாரியட் விற்க வந்த அன்று போர்வையோடு சேர்த்து ஒப்படைத்த பாதி வேலை அந்தப் பேச்சு. அதை நகலெடுக்க எந்தத் தொழிற்சாலையாலும் ஆகவில்லை.

2005இல் ஏதென்ஸின் காஸ்பல் பில்கிரிம் கல்லறைத் தோட்டத்தில் ஹாரியட்டின் கல்லறைக் கல் அடையாளம் காணப்பட்டது. இன்று அமெரிக்கப் பள்ளிகளின் ஓவிய வகுப்புகளில் அவர் ஒரு பாடம். ஆளுக்கு ஒரு சதுரம் கொடுத்து, தன் வீட்டுக் கதையோ ஊர்க் கதையோ ஒன்றைத் துணியிலோ காகிதத்திலோ வெட்டி ஒட்டச் சொல்கிறார்கள். நல்ல பாடம். இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டால் அது ஹாரியட்டுக்கு இன்னும் நெருங்கி வரும்: ஒட்டி முடித்த பிள்ளையை எழுந்து நின்று, இது என்ன, ஏன் இந்த நிறம், இந்த மிருகம் இங்கே என்ன செய்கிறது என்று சொல்லவைக்க வேண்டும். ஆசிரியர் அதைத் திருத்தாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

2021 அக்டோபரில் பாஸ்டன் அருங்காட்சியகம் அமெரிக்கக் கில்ட்களுக்கென்று ஒரு பெரும் கண்காட்சி நடத்தியது. வாஷிங்டனிலிருந்து முதல் போர்வை அங்கே வந்து சேர்ந்தது. மிஞ்சியிருக்கும் இரண்டும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டப்பட்டது அதுவே முதல்முறை.

பழந்துணிக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் இத்தகையவற்றை அருங்காட்சியகங்கள் எப்போதும் காட்சிக்கு வைப்பதில்லை. ஆனால் இரண்டின் படங்களும் அந்தந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. யாரும் பார்க்கலாம். முதலில் விளக்கத்தைப் படிக்காமல் பாருங்கள். பிறகு ஹாரியட் சொன்னதைப் படித்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ கையால் தைத்த துணி ஏதாவது இருந்தால், அதைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, தேதியும் போட்டு, அந்தத் துணியோடு சேர்த்து வையுங்கள்.